போத்தலும் பெயரும்

குளிக்கப் போனவன் குளியாமலே திரும்பினேன். குளியற்றொட்டியிலே எனக்கு முன்னர் இருபத்துநான்கு பேர் நீராடிக்கொண்டிருந்தனர். அவர் யாவரும் போத்தல்கள். கழுத்தளவு வெந்நீரில் நின்றன சில. முற்றும் மூழ்கிக் கிடந்தன சில. நீரின்மேலே வண்ணக் கடதாசித் துண்டுகள் மிதந்தன. ஒன்றிலே சிங்கம், இன்னொன்றிலே கப்பல், மற்றொன்றிலே ஒரு சிவப்பு முக்கோணம்.

இது நிகழ்ந்தது 2023 ஆம் ஆண்டுக் கோடையிலே, இங்கிலாந்தின் நடுப்பகுதியிலுள்ள டார்பி நகரத்திலே, என் தமக்கையின் மகன் வீட்டிலே. என் பின்னால் ஓடிவந்த மருமகனுக்கு முகம் கறுத்துவிட்டது.

“மாமா, குறை நினையாதேங்கோ. விடியவே எடுத்து வைக்க நினைச்சனான், மறந்துபோனன். லேபல் கழர ஊறப்போட்டது.”

“இவ்வளவும் நீ குடிச்சதோ, தம்பி?”

“இல்லை மாமா. பாதி கூட்டாளிமார் தந்தது. இனித்தான் நிரப்பப் போறன்.”

“என்னத்தாலை?”

அவன் விடை கூறவில்லை. குசினிக்குப் பின்னுள்ள சிற்றறையின் கதவைத் திறந்து காட்டினான். பெரிய வாளி ஒன்று. அதற்கு இறுக்கமான மூடி. மூடியிலே வளைந்த குழாய். குழாயிலிருந்து இடையிடையே ‘புளுக்’ என்றொரு சத்தம். முளைகட்டிய வாற்கோதுமையின் சாறு, ‘ஹொப்’ என்னும் கொடியின் பூவினாற் கைப்பேறி, மதுவத்தினாற் புளித்துக் காபனீரொட்சைட்டைக் கக்கிக்கொண்டிருந்தது. பையன் வீட்டிலேயே பியர் காய்ச்சுகிறான்!

அந்நாட்டிலே அது குற்றமன்று. வீட்டுப் பாவனைக்குப் பியர் காய்ச்சுவோரும் அனுமதிப்பத்திரம் பெறுதல் வேண்டும் என்றிருந்த விதி 1963 ஆம் ஆண்டிலே அங்கு நீக்கப்பட்டது. காய்ச்சலாம், குடிக்கலாம், விற்றலாகாது. அமெரிக்காவிலே 1978 இல் இயற்றப்பட்ட சமஷ்டிச் சட்டமொன்று இதற்கு வழிவிட்டது. நம் நாட்டிலோ 1912 ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டம் இருக்கின்றது. அனுமதியின்றிக் காய்ச்சுதல் இங்கே குற்றம். யான் தேநீருக்கு மேற்பட்ட பானம் அறியாதவன். ஆதலின் பியரைப் புகழ்தலோ இகழ்தலோ இக்கட்டுரையின் கருத்தன்று. என் மனத்தைப் பிடித்தவை அத்தொட்டியிற் கிடந்த போத்தல்களே. பழைய பெயர் கழன்று, புதிய பெயர் பெறாது, பெயரற்ற நிலையிலே அவை கிடந்தன. பெயரைக் கற்பித்து வயிறு வளர்ப்பவனுக்கு அக்காட்சியைக் கடந்து செல்ல முடியுமா?

போத்தல் என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்திலே அஃது ஒரு கலத்தின் பெயர் மாத்திரமன்று. ஓர் அளவின் பெயருமாகும். “இரண்டு போத்தல் நல்லெண்ணெய் தாருங்கோ” என்று கடையிற் கேட்பவர் கண்ணாடிக் கலம் இரண்டைக் கேட்பதில்லை. எழுநூற்றைம்பது மில்லிலீற்றர் கொண்ட அளவினை இரண்டு முறை அளந்து ஊற்றும்படி கேட்கின்றார். பாலும் அரைப் போத்தல், கால் போத்தல் என்றே வீடுதோறும் வருகின்றது. “இரண்டு போத்தல் வாங்கினேன்” என்றால் அஃது எண்ணெயைக் குறிக்கும். மாணாக்கர் அதனை முகத்தலளவை ஆகுபெயர் என்பர். “அடுப்பிலிருந்து பாலை இறக்கு” என்னுமிடத்துப் பாலின் பெயர் பாற்பாத்திரத்துக்கு ஆகிவந்தது; அது தானியாகுபெயர். கலத்தின் பெயர் பொருளுக்கும், பொருளின் பெயர் கலத்துக்கும் இவ்வாறு மாறி வழங்குதல் மொழியின் இயல்பு. ஆயினும் ஒரு நிபந்தனை உண்டு. இரண்டுக்கும் இடையே தொடர்பு இருத்தல் வேண்டும். தொடர்பில்லாத பெயர் ஆகுபெயராகாது. அது வெறும் பொய்.

இனி, பெயர் கழற்றும் வித்தையைக் காண்போம். மருமகன் இரசாயனம் படித்தவன். கூச்சந் தெளிந்தபின் ஓர் ஆசிரியனைப் போலவே எனக்கு அதனை விளக்கினான்.

போத்தலில் ஒட்டியிருக்கும் கடதாசியைக் கத்தியாற் சுரண்டுபவன் அறிவிலி. கடதாசியை வெல்லுதல் வேண்டா. பசையை வெல்லுதல் வேண்டும். பியர்ப் போத்தல்களின் கடதாசிச் சீட்டை ஒட்டுதற்கு நெடுங்காலமாக வழங்கிவந்த பசைகளுள் ஒன்று பாலிலிருந்து பெறப்படும் கேசின் என்னும் புரதத்தினால் ஆயது. மாப்பொருளினால் ஆய பசையும் உண்டு. கேசின் பசையின் குணம் வியக்கத்தக்கது. பனிக்கட்டி வாளியிலே போத்தல் கிடந்தாலும் அது விட்டுக்கொடாது. வெந்நீரோடு காரமும் சேருமாயின் உடனே இளகிவிடும். குளிரிலே பிடிவாதம், சூட்டிலே நெகிழ்ச்சி. போத்தல்களைத் திரும்பப் பெற்றுக் கழுவி நிரப்பும் தொழிற்சாலைகளுக்கு இக்குணமே வேண்டியதாயிற்று. அங்கே சோடியம் ஐதரொட்சைட்டு என்னும் கடுங்காரத்தின் சூடான கரைசலிலே போத்தல்கள் கழுவப்படுகின்றன.

வீட்டுக்குக் கடுங்காரம் வேண்டா. அது தோலை வேகவைக்கும், கண்ணைக் கெடுக்கும். சலவைச் சோடா எனப்படும் சோடியங் காபனேற்றுப் போதும். கைபொறுக்கும் வெந்நீர் ஒரு வாளிக்கு ஒரு பிடி சோடா கரைத்து, போத்தலின் உள்ளேயும் அந்நீரை நிரப்பி அமிழ்த்திவிட வேண்டும். உள்ளே நிரப்பாவிடின் போத்தல் மிதக்கும், மேற்பக்கம் நனையாது. கொதிநீரைத் திடீரென வார்த்தல் ஆகாது. குளிர்ந்த கண்ணாடி வெடிக்கும். இரவு ஊறவிட்டால் விடியலிலே பெரும்பாலான சீட்டுகள் தாமே கழன்று மிதக்கும். எஞ்சிய பசையைத் துணியால் துடைத்து நன்னீரில் அலசிவிடலாம். அலுமினியப் பாத்திரத்தில் மட்டும் இதனைச் செய்தலாகாது. காரம் அப்பாத்திரத்தையே அரித்துக் கறுப்பாக்கும்.

எல்லாச் சீட்டும் இவ்வளவு நல்லவையல்ல. மினுங்கும் உலோகத் தாளினால் ஆயவை நீரை உட்புகவிடா. அவற்றைக் கத்திமுனையாற் கீறிவிட்டே ஊறவைத்தல் வேண்டும். பின்புறத்திலே பசையோடு பிறந்து, உரித்தவுடன் ஒட்டிக்கொள்ளும் சீட்டு வேறொரு சாதி. அமெரிக்கரான ஸ்டான்ரன் ஏவரி என்பார் 1935 அளவில் அதனைத் தொழிலாக வளர்த்தார். அதன் பசைக்கு நீரும் சோடாவும் எட்டா. போத்தலுக்குள் வெந்நீர் நிரப்பிச் சீட்டைச் சூடாக்கி, ஒரு மூலையிலிருந்து மெல்ல உரித்தல் வேண்டும். பிசுபிசுப்பாக எஞ்சுவதன்மேல் தேங்காயெண்ணெய் தடவிச் சிறிது நேரம் விட்டால் அது நெகிழும். பின்னர்ச் சவர்க்காரம் இட்டுத் தேய்க்க எண்ணெயும் போம். எண்ணெய்ப் பசைக்கு எண்ணெயே மருந்து. ஆனால், பியர் நிரப்புவோர் அவ்வெண்ணெய் போத்தலின் உள்ளே ஒரு துளியும் செல்லாது காப்பர். சென்றால் நுரை நில்லாது.

எங்கள் வீட்டிலும் ஒரு முறை இருந்தது. நல்லெண்ணெய்க்கென்று வாங்கிய வெறும்போத்தலை அம்மா முதலிற் சாம்பலும் பழப்புளியும் இட்டு வெளியே தேய்ப்பாள். பின்னர் ஒரு பிடி மணலும் சுடுநீரும் உள்ளே விட்டுக் குலுக்குவாள். மணம் போயிற்றா என்று மூக்கருகே வைத்துப் பார்ப்பாள். போகாவிடின் மறுநாளும் மணல், மறுநாளும் குலுக்கல். “பேர் போனாலும் மணம் போகாது” என்பாள். டார்பியிலே என் மருமகன் போத்தலை மூக்கருகே வைத்தபோது, முன்னே நின்றவள் என் அம்மாவே என்று ஒரு கணம் மயங்கினேன்.

நீரிலே மிதந்த சிவப்பு முக்கோணத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. டார்பிக்கு அணித்தேயுள்ள பர்ட்டன் என்னும் ஊர் பியருக்குப் பேர்போனது. 1777 இல் அங்கே வில்லியம் பாஸ் என்பார் தொடங்கிய ஆலையின் அடையாளமே அம்முக்கோணம். பிரித்தானியாவின் வியாபாரக் குறிச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, 1876 ஆம் ஆண்டு தை மாதம் முதலாந் தேதியிலே, முதலாம் இலக்கமாகப் பதியப்பட்ட குறி அதுவேயாம். பிரெஞ்சு ஓவியர் மானே 1882 இல் முடித்த புகழ்பெற்ற மதுச்சாலை ஓவியத்திலும் அம்முக்கோணம் ஒட்டிய போத்தல்களைக் காணலாம். பெயர்ச்சீட்டு என்பது அழகுக்கு ஒட்டிய கடதாசியன்று. “உள்ளே இருப்பது இன்னது, அதற்கு இன்னார் பிணை” என்னும் வாக்குமூலம் அது. அந்த வாக்குமூலத்தோடு கூடிய வெறும்போத்தல் கள்ளச் சரக்குக்காரனுக்குப் பொன். பிறருடைய பிணையிலே தன் நஞ்சை விற்க அவனுக்கு அது போதும். ஆதலின், பிறபொருளை நிரப்புமுன் பழைய பெயரை அழித்தல் துப்புரவு மாத்திரமன்று, நேர்மையுமாகும்.

இவ்வளவும் கேட்டுத் தலையசைத்துக்கொண்டு நின்றேன். கழுவிய போத்தல்கள் ஒரு பலகையிலே கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. பெரும்பாலும் கபில நிறம். ஒளி பட்டால் ஹொப்புப் பூவின் கைப்புச்சத்து மாறித் தீநாற்றம் பிறக்குமாதலின், அதனைத் தடுக்கும் நிறம் வேண்டும் என்றான். திருகுமூடிப் போத்தல்களையும் மெல்லிய போத்தல்களையும் அவன் ஏலவே கழித்துவிட்டிருந்தான். உள்ளே வாயு அமுக்கும். வலியில்லாத போத்தல் வெடிக்கும். ஒரு போத்தல் மட்டும் தனியே ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது. அது வெண்ணிறக் கண்ணாடி. மேலே வெள்ளை எழுத்து.

“இது ஏன் தம்பி புறம்பா?”

“அது சோடாப் போத்தல் மாமா. அந்தப் பேர் போகாது. எழுத்தைக் கண்ணாடியிலை தீட்டிச் சூளையிலை சுட்டிருக்கினம்.”

என் கண் அப்போத்தலின்மேலே நின்றது. பின்னர் அதற்கு அப்பால், தட்டிலே, தோடம்பழச் சாற்றுப் போத்தல் ஒன்று தென்பட்டது. பழத்தின் படம் வெளியே. தெளிந்த நீர் உள்ளே.

“அது?”

“போத்தல் கழுவுற கிருமிநீக்கி. கரைச்சு வைச்சிருக்கிறன்.”

அவனுடைய மகளுக்கு அப்போது மூன்று வயது. அவள் எங்கள் கால்களுக்கிடையே விளையாடிக்கொண்டிருந்தாள். அத்தட்டு அவளுடைய கைக்கு எட்டும் உயரம்.

யான் ஒன்றும் பேசாமல் அப்போத்தலை எடுத்து உயரமான அலுமாரியின் மேலே வைத்தேன். என் கை நடுங்கியதை அவன் கண்டான்.

அன்றிரவு, உண்டபின், முப்பத்திரண்டு ஆண்டுகளாகச் சொல்லாத ஒன்றைச் சொன்னேன். தமக்கையும் உடனிருந்தாள்.

1991 ஆம் ஆண்டு. யான் பண்டித பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். முந்திய ஆண்டிலே மீண்டும் மூண்ட போரோடு யாழ்ப்பாணத்திலே மின்சாரம் நின்றுபோயிற்று. மண்ணெண்ணெய் தடைப்பட்ட பொருள்களுள் ஒன்றாயிற்று, கிடைத்தாலும் பெருவிலை. ஜாம் போத்தலின் அடியிலே பஞ்சு வைத்து, சிறிது மண்ணெண்ணெய் வார்த்து, சிறுதிரி நிறுத்திய விளக்கிலேதான் அன்று யாழ்ப்பாணம் படித்தது. யானும் அவ்வாறே படித்தேன். ஒரு மாலை கால் போத்தல் மண்ணெண்ணெய் கிடைத்தது. ஊற்றி வைக்கக் கலம் இல்லை. மூலையிற் கிடந்த சோடாப் போத்தலொன்றிலே ஊற்றி, கடதாசியைச் சுருட்டி அடைத்து, என் மேசையின் கீழே வைத்தேன். வெள்ளெழுத்து எழுதிய போத்தல். பெயர் கழற்ற முடியாத போத்தல்.

தமக்கையின் மகனுக்கு அப்போது மூன்று வயது. எழுத்தறியான். ஆனால், கோயிற் றிருவிழாவிலே ஒருமுறை சோடாக் குடித்திருந்தான். அவனுக்கு அப்போத்தலின் உருவமே பெயர். மறுநாட் காலையிலே கடதாசி அடைப்பைப் பிடுங்கிக் குடித்துவிட்டான். இருமல் கேட்டு ஓடிச்சென்றோம். அயலவர் ஒருவர் தொண்டையில் விரல்விட்டு வாந்தி எடுப்பிக்க முற்பட்டார். அம்மா அவரைத் தள்ளிவிட்டுப் பிள்ளையைத் தூக்கினாள். அச்செயலே அவனைக் காத்தது என்று வைத்தியர் பின்னர்ச் சொன்னார். மண்ணெண்ணெய் வயிற்றிற் செய்யுங் கேட்டினும் நுரையீரலிற் செய்யுங் கேடு பெரிது. வாந்தி எடுப்பித்தால் அது மூச்சுக்குழலுள்ளே புகும். சைக்கிளிலே பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு தமக்கை இருக்க, யான் மிதித்தேன். நான்கு நாள் மூச்சுக்குப் போராடினான். ஐந்தாம் நாள் கண் விழித்துத் தண்ணீர் கேட்டான்.

வீடு திரும்பியபின் எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றே. சோடாப் போத்தலில் மண்ணெண்ணெயை ஊற்றியவர் யார்? அடுக்களையும் விளக்கும் அம்மாவின் ஆட்சி. ஆதலின் அம்மாவே என்று யாவரும் எண்ணினர். அம்மா என்னை ஒருமுறை பார்த்தாள். மறுக்கவில்லை. யானும் வாய் திறக்கவில்லை. “பேத்தியார் கவலையீனமாய் வைத்தது” என்று உறவினர் பல்லாண்டு பேசினர். அப்பேச்சைக் கேட்டுக்கொண்டே அம்மா 2009 இற் காலமானாள். அன்று யான் ஒட்டிய பெயர் போத்தலோடு நிற்கவில்லை. அம்மாவின்மேலும் ஒட்டிக் கிடந்தது.

சொல்லி முடித்தேன். மருமகன் தன் மகளை மடியில் இழுத்து வைத்துக்கொண்டான். தமக்கை நெடுநேரம் மேசையைப் பார்த்திருந்தாள்.

“அம்மா இருக்கேக்கை சொல்லியிருக்கலாமே, தம்பி” என்றாள்.

அதற்கு என்னிடம் விடை இல்லை. இன்றும் இல்லை.

மறுநாள் விடியலிலே குசினியிற் சத்தம் கேட்டது. மருமகன் அக்கிருமிநீக்கியை வார்த்தொழித்துவிட்டு, அது முதலில் வந்த கலத்தைத் தேடி எடுத்து அலுமாரியிலே பூட்டிக்கொண்டிருந்தான். பின்னர்க் கடதாசியைச் சிறு சிறு சீட்டாக வெட்டினான். ஒவ்வொன்றிலும் உள்ளே இருப்பது யாது, எந்த நாள் நிரப்பியது என்று எழுதினான். ஒரு தட்டிலே பால் ஊற்றி, சீட்டின் பின்புறத்தை அதிலே தோய்த்துப் போத்தலில் ஒட்டினான்.

“பாலோ, தம்பி?”

“பால்தான் மாமா. அதிலையும் கேசின் இருக்கு. காய்ஞ்சா நல்லாப் பிடிக்கும். வேண்டாமெண்டா தண்ணியிலை நனைச்சுக் கழட்டலாம்.”

பிடிக்க வேண்டிய காலத்திலே பிடித்து, விட வேண்டிய காலத்திலே விடும் பெயர்! பெயரிடுதலுக்கு இதனினும் நல்ல பசை யாது?

ஊர் திரும்பிய அன்றே என் வீட்டு அடுக்களையைச் சோதித்தேன். வினாகிரிப் போத்தலிலே தேன் இருந்தது. நெல்லிரசப் போத்தலிலே தறை துடைக்கும் மருந்து இருந்தது. பிறருக்கு இலக்கணம் கற்பிப்பவனின் வீடு அது!

வாசகர்காள், இன்று மாலை உங்கள் அடுக்களையையும் ஒருமுறை பாருங்கள். உணவுப் பொருளை நிரப்புவதற்கு முன்னர்ப் பழைய பெயரைப் பசையோடு கழற்றுங்கள். புதிய பெயரை அன்றே எழுதி ஒட்டுங்கள். மண்ணெண்ணெயையும் பூச்சிமருந்தையும் கழுவுமருந்தையும், பெயரைக் கழற்றினாலுங்கூட, குடிபானப் போத்தலில் ஊற்றாதீர்கள். எழுத்தறியாத பிள்ளை உருவத்தை வாசிக்கும். அவை தாம் வந்த கலத்திலேயே, பிள்ளையின் கை எட்டாத இடத்திலே இருக்கட்டும். தவறுதலாக ஒரு பிள்ளை மண்ணெண்ணெயைக் குடித்துவிட்டால் வாந்தி எடுப்பிக்க வேண்டா. உடனே ஆசுபத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள்.

பிழையான பெயர் ஒன்று ஒரு மனிதர்மேல் ஒட்டியிருப்பதை நீங்கள் அறிவீர்களாயின், அவர் உயிரோடிருக்கும்போதே அதனைக் கழற்றிவிடுங்கள். எங்கள் வீட்டிலே அப்போத்தலை ஊற்றி வைத்தவள் என் அம்மா அல்லள், யானே.